பாதித் தெரு

அத்தியாயம் 6

ஒரு மனிதரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் திட்டித் தீர்க்க வேண்டியதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்ற நினைப்பில் பேசினால் போதும். காலையிலிருந்து சில்லறையின் வயிற்றெரிச்சல் அதுதான்.

"நான் என்ன சார், ஊதுவத்திப் புகையா? கட்டிலுக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நான். கை நீட்டினா மூக்கைத் தொடலாம். வணக்கம் சொன்னேன். செருமினேன். தும்மக்கூடத் தும்மினேன். எல்லாம் முடிஞ்சப்புறம் உங்களைப் பார்த்து, 'தனியாவா வந்தீங்க'ன்னு கேக்குறார்."

"கேட்டார்," என்றார் நிதானம்.

துப்பறிவாளருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி, தூசி தட்டி, போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். உதவியாளர் அதற்கு நேர் எதிர். பத்து வருஷம் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர். வாயில் எப்போதும் ஏதாவது குலுங்கிக்கொண்டே இருப்பதால் கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர் சில்லறை.

இருவரும் தேடிக்கொண்டிருந்தது ஒரு மகனை. தேடச் சொன்னவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஜவுளிக்கடை முதலாளி. மூளையில் ரத்தக் குழாய் அடைத்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மகள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து ரகசியமாகப் போன் செய்து வரவழைத்திருந்தார்.

"என் சின்னவனைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. என் பொண்ணுக்குத் தெரியக் கூடாது. அவன் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினவன் நான். நானே எடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு மூஞ்சி ஏது?" என்றார். பிறகு, குரல் இறங்கி, "இன்னொரு அடைப்பு வந்தா நான் இல்லன்னு டாக்டர் வெளிய பேசிக்கிட்டிருந்தது எனக்குக் கேட்டுது. நான் விழுந்ததுக்கு ஊரே வந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. அவன் மட்டும் வரல," என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வலது கன்னம் கண்ணாடி மாதிரி மழித்திருந்தது. இடது கன்னத்தில் வாரக்கணக்கான நரைத் தாடி. தானே மழித்துக்கொள்வாராம், யாரையும் தொட விட மாட்டாராம். பக்கத்தில் காலைச் சாப்பாட்டுத் தட்டு. வலது பாதி துடைத்த மாதிரி காலி, இடது பாதி வைத்தது வைத்தபடி. "பெத்த பொண்ணு, அரை வயித்துக்குத்தான் போடுறா," என்று அதற்கும் ஒரு புலம்பல்.

மகன் ஒளிந்திருக்கக்கூடிய இடத்தையும் அவரே சொல்லியிருந்தார். "மணிக்கூண்டு முனையில நின்னு பாலத்தைப் பார்த்து நடங்க. போர்வைக் கடை, திரைச்சீலைக் கடை, நூல் கடை, மெத்தைக் கடை. அவ்வளவுதான் தெரு. எல்லாருமே வேண்டியவங்க. அவனுக்கு யாராவது ஒருத்தர் இடம் கொடுத்திருப்பாங்க."

போர்வைக் கடைக்காரர் கையை விரித்தார். திரைச்சீலைக் கடையிலும் நூல் கடையிலும் அதே பதில். மெத்தைக் கடைக்காரர் மட்டும் ஒரு மெத்தையைத் தலையில் கட்டப் பார்த்தார். சில்லறை அதை அழுத்திப் பார்த்து, "இதுல படுத்தா முதுகு வலி போயிடும். முதுகும் சேர்ந்து போயிடும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றார்.

நின்றவர் எதிர் வரிசையைப் பார்த்தார். ஜிப், லேஸ், பட்டன், தையல் மிஷின் ரிப்பேர் என்று வரிசையாகக் கடைகள்.

"சார், 'அவ்வளவுதான் தெரு'ன்னார் பெரியவர். பாதித் தெருவைத்தானே சொல்லியிருக்கார்? எதிர் வரிசையோட அவருக்கு என்ன பேச்சு வார்த்தை இல்லையா?"

நிதானம் நடையை நிறுத்தினார். அவர் நடை ஏற்கெனவே கிட்டத்தட்ட நின்ற நிலைதான் என்றாலும் சில்லறைக்கு வித்தியாசம் தெரியும்.

"மணிக்கூண்டுலேர்ந்து வந்தா இந்த வரிசை எந்தப் பக்கம்?"

"நாம நடந்து வந்த பக்கம். வலது."

"மழிச்ச கன்னம்?"

"வலது."

"தட்டுல காலியான பாதி?"

சில்லறை தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ உட்கார்ந்திருந்தது?" என்றார் நிதானம்.

*

மூளை டாக்டரம்மாவின் அறையில் கை கழுவும் தொட்டி, ஒரு துண்டு, ஒரு டம்ளர், மேசை நிறைய ஸ்கேன் படங்கள். பெரியவர் போனிலேயே, "அந்தம்மாகிட்ட என்ன வேணா கேளுங்க, அவங்க ஒளிக்காம சொல்லட்டும்," என்று சம்மதம் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மா துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். "மூளைன்னதும் எல்லாரும் நினைக்கிறது ஒரு உருண்டை. ஆனா வேலை நடக்கிறது மேல போர்த்தின துணியில. பெருமூளைப் புறணின்னு பேரு."

"புறணின்னா எங்க தெருவுலயும் நிறைய உண்டு டாக்டர். ஆள் இல்லாதப்ப பேசுவோம்," என்றார் சில்லறை.

டாக்டரம்மா சிரிக்காமலேயே ரசித்தார். "கனம் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். அதுக்குள்ள ஆறு அடுக்கா நரம்பணு. விரிச்சா ஒரு சின்ன மேசை விரிப்பு அளவு வரும். மண்டை ஓடோ டம்ளர் மாதிரி. எப்படிப் போடுறது?"

"கசக்கிப் போடணும்."

"அதான்." துண்டை டம்ளருக்குள் திணித்தார். மேலே மேடும் பள்ளமுமாக மடிப்புகள் நின்றன. "வெளிய தெரியறதைவிட மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதுதான் ஜாஸ்தி. எல்லா இடமும் எல்லா வேலையும் செய்யாது. நெற்றிப் பக்கம், திட்டம் போடுறது, வாயை அடக்குறது."

நிதானம் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு அந்தப் பக்கம் துணி பத்தாம போச்சு சார்," என்றார் சில்லறை.

"காதோரம் இருக்கிற மடிப்புல கேக்குறதும், பேச்சு புரியறதும். பிடரியில பார்வை. நடு உச்சியில காதுக்குக் காது ரெண்டு பட்டை, ஒண்ணு உடம்பை அசைக்க, ஒண்ணு தொடுறதை உணர. அதுக்குக் கொஞ்சம் பின்னால, இதோ, இந்த மடிப்பு." விரலை வைத்தார். "எது எங்க இருக்கு, நம்ம உடம்பு எங்க முடியுது, பக்கத்துல யாரு, எதைக் கவனிக்கணும், எல்லாம் இங்கதான். பெரியவருக்கு வலது பக்க மூளையில இந்த இடம்தான் போச்சு."

"கண்ணு?" என்றார் நிதானம்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல. காதும் சரி. கவனம் போகாது, அவ்வளவுதான். இப்படி வெச்சுக்குங்க. ஒரு கடைக்கு ரெண்டு வாசல், ரெண்டு காவல்காரன். இடது மூளை வலது வாசலை மட்டும் பார்ப்பான். வலது மூளை ரெண்டு வாசலையும் பார்ப்பான். அவன் விழுந்துட்டா வலது வாசலுக்கு இன்னொருத்தன் இருக்கான். இடது வாசலுக்கு ஆளே இல்ல."

"அப்ப அந்த வாசல் சாத்தியிருக்கும்," என்றார் சில்லறை.

"இல்லைங்க. அங்க வாசலே இருந்ததில்லன்னு நினைச்சுக்குவாங்க. தன் இடது கையையே 'இது யாரு கை, எடுத்து வெளிய போடுங்க'ம்பாங்க. இடது பக்கம் சத்தம் கேட்டா வலது பக்கம் திரும்புவாங்க. இதுக்குப் பேரு புறக்கணிப்பு. ஆனா புறக்கணிக்கிறது அவங்க இல்ல."

"எடுத்துச் சொல்லிப் புரிய வைக்க முடியாதா?"

"பாதி போயிடுச்சுன்னு தெரியணும்னா அந்தப் பாதியைப் பார்க்கிற ஆள் வேணுமே. வாதாடினா நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைப்பாங்க. கோபப்படுவாங்க. இவருக்கு இப்ப இருக்கிற ரத்தக் கொதிப்புல கோபமே கூடாது." டாக்டரம்மா டம்ளரிலிருந்து துண்டை உருவி உதறினார். "வீட்டுல, இடது பக்கத்தைக் கவனிக்க மாட்டார்னு சொன்னேன். கை கால் வராதுங்கிறதைத்தான் சொல்றேன்னு எடுத்துக்கிட்டாங்கபோல. இன்னும் உடைச்சுச் சொல்லியிருக்கணும் நான்."

நிதானம் அந்தத் துண்டை வாங்கிப் பாதியாக மடித்தார்.

"நினைப்புலயும் பாதி போயிடுமா டாக்டர்? நேர்ல பார்க்காத தெருவுல?"

டாக்டரம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு பரபரப்பு. "தெருவைத் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பாருங்களேன்."

நிதானம் அங்கிருந்தே பெரியவருக்குப் போன் போட்டார். "ஐயா, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்குங்க. நீங்க பாலத்து முனையில நிக்கிறீங்க. மணிக்கூண்டு எதிர்ல தெரியுது. நடந்து வாங்க. என்னென்ன கடை வருது?"

போனில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு முதலாளிக் குரல், தன் தெருவில் நடக்கும் மிதப்போடு வந்தது. "தையல் மிஷின் ரிப்பேர். பட்டன் கடை. லேஸ். ஜிப். அவ்வளவுதான் தெரு."

"போர்வைக் கடை?"

"அது எந்தத் தெருவுல இருக்கு?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "பட்டன் கடை. அடடா, பட்டன் கடைக்காரன் சின்னவனோட படிச்சவன். அதை எப்படிக் காலையில விட்டேன்?"

*

பட்டன் கடைக்காரர், சட்டையில் இரண்டு பட்டன் இல்லாத மனிதர். சில்லறை அதைச் சொல்லிக் காட்டி, பதிலுக்கு நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு, ஆளைப் பேச்சுக்குப் பழக்கினார். பிறகு நிதானம் விஷயத்துக்கு வந்தார்.

"இங்கதான் இருக்கான்," என்றார் பட்டன். மறைக்கிற எண்ணமே அவரிடம் இல்லை. "மாடியில தங்கியிருக்கான். காலையில கணக்கு வழக்கு பார்ப்பான். மத்தியானம் சாப்பிட்ட கையோட கிளம்பிடுவான். இருட்டுறப்ப வருவான், கண்ணு ரெண்டும் சிவந்திருக்கும். எங்கடா போறேன்னு கேட்டா, 'முக்காலிக்கு'ம்பான்."

"முக்காலியா?"

சில்லறைக்குத் தெரிந்திருந்தது. தெருவில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். "பெரியவர் கடையில அது ஒரு வழக்கம் சார். கல்லாவுக்கு வலப்பக்கம் நாற்காலி, நம்பிக்கையான ஆளுக்கு. இடப்பக்கம் முக்காலி, தப்புப் பண்ணினவனுக்கு. முக்காலியில உட்கார்ந்தா வாயைத் திறக்கக் கூடாது, மன்னிப்புக் கேக்கக் கூடாது, வேற யாரும் பரிஞ்சு பேசக் கூடாது. பெரியவரே பார்த்து, 'இந்தப் பக்கம் வா'ன்னு கூப்பிடணும். அன்னைக்கு மாலையே கூப்பிட்டுடுவார். பத்து நாள் உட்கார்ந்தவனும் உண்டு."

"அது வியாபாரத்துக்கே உள்ளதுங்க," என்றார் பட்டன். "முதல்ல வாயைத் திறந்து விலை சொன்னவன் தோத்தான். அப்பனும் பிள்ளையும் அதுல ஒரே அச்சு."

"சின்னவன் பண்ணின தப்பு என்ன?" என்றார் நிதானம்.

பட்டன் ஒரு டப்பாவைத் திறந்து மூடினார். "அவங்கம்மா உயிருக்கு இழுத்துக்கிட்டிருந்தப்ப இவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இவன் ஒரு மேட்ச் பார்க்கப் போயிட்டான். அவ்வளவு முத்திடும்னு யாருக்குத் தெரியும். வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சிருக்கு. அப்பா எங்கடா போனேன்னு கேக்குறார். பயத்துல, 'கிடங்குல சரக்கு வந்துடுச்சு, வர முடியல'ன்னுட்டான். கிடங்குச் சாவி அப்பா மடியில இருக்கு. வராததைக்கூடப் பொறுத்திருப்பார். அந்தப் பொய்யைத்தான் அவரால தாங்க முடியல."

நிதானம் மாடிப் படியை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னைக்குக் கிளம்பிட்டானா?"

"இப்பதான். ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளா சட்டைப் பையில ஒரு சின்ன பாட்டில் வெச்சிருக்கான். என்னன்னு கேட்டா மூடி மறைக்கிறான். நேத்து படியில உட்கார்ந்து, 'இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கிறது, நாளையோட முடிச்சுக்கிறேன்'னான். எனக்கு என்னவோ மாதிரி இருக்குங்க."

சில்லறை திரும்பிப் பார்ப்பதற்குள் நிதானம் தெருவில் இறங்கியிருந்தார். ஓடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை, ஓட்டத்தில் பழக்கம் இல்லாத முழங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் போயின.

பஸ் நிறுத்தத்தில் ஆளைக் கண்டுபிடித்தார்கள். பெரியவரின் அதே மூக்கு, அதே குனிந்த நடை. இஸ்திரி போட்ட சட்டை, பெண் பார்க்கப் போகிறவன் போல. கை அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அவன் ஏறிய பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினார்கள்.

"சார், பாட்டில்," என்று கிசுகிசுத்தார் சில்லறை.

"பார்த்தேன்."

"விஷம்னா, தனக்கா? அப்பாவுக்கா?"

நிதானம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டம் இன்னும் அவர் மூச்சில் இருந்தது.

அவன் இறங்கிய நிறுத்தத்தில் இறங்கினார்கள். திரும்பிய திருப்பத்தில் திரும்பினார்கள். சில்லறைக்கு அந்தத் தெரு எங்கோ பார்த்த தெருவாக இருந்தது. பச்சைக் கதவைப் பார்த்ததும் காலில் பிரேக் விழுந்தது. காலையில் அவரை அவமானப்படுத்திய வீடு. காணாமல் போனவன் கதவைத் தட்டக்கூட இல்லை. தன் வீட்டுக்குள் போகிறவன் மாதிரி தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

இருவரும் கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குள் பாய்ந்தார்கள்.

*

பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டிலுக்கு வலப்பக்கம் போனும் நாற்காலியும். இடப்பக்கம் கதவும் ஜன்னலும். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய முக்காலி. அதன்மேல் சின்னவன். அவன் மடியில் அப்பாவின் இடது கை. பாட்டிலைத் திறந்து, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, அந்தச் செத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தான். பல நாள் பழகிய கை.

உள்ளே நுழைந்தவர்களைப் பார்த்து அவன் திகைத்து வாயைத் திறந்தான். நிதானம் உதட்டில் விரல் வைத்தார்.

அடுப்படியிலிருந்து மகள் ஓடி வந்தாள். யார் இவர்கள், தம்பியை என்ன செய்யப் போகிறார்கள் என்ற பயத்தில் போய் அவனுக்கு முன்னால் மறைத்து நின்றாள். "நீங்க யாரு? எதுவா இருந்தாலும் வெளிய பேசுங்க," என்றாள் தணிந்த குரலில்.

பெரியவரின் முகம் அவள் குரல் வந்த திசைக்கு நேர் எதிராக, நாற்காலிப் பக்கம் திரும்பியது. பாய்ந்த வேகத்தில் கால்மாட்டைச் சுற்றி அங்கே போய் நின்றிருந்த நிதானத்தைக் கண்டது.

"வந்துட்டீங்களா. தனியாத்தானே வந்தீங்க? என் பொண்ணு பேச்சுச் சத்தம் கேட்டுதே, எங்க இருக்கா?"

"பக்கத்துல இல்ல," என்றார் நிதானம். சில்லறையின் வாழ்நாளில் அவர் இப்படிக் கூசாமல் பொய் சொல்லிக் கேட்டதில்லை.

"சின்னவன் கிடைச்சானா?"

அந்தக் கேள்வி விழுந்ததும் முக்காலியில் விரல்கள் நின்றன. மகள் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தேடிக்கிட்டிருக்கோம். கிடைச்சா என்ன சொல்லணும்?"

பெரியவரின் வலது கை போர்வையின் ஓரத்தைத் துணி பார்க்கிற மாதிரி விரலிடையில் தேய்த்தது. "நான் தேடினேன்னு சொல்லாதீங்க. எதேச்சையா..." என்று ஆரம்பித்து, தலையை ஆட்டினார். "இல்ல. சொல்லுங்க. நான்தான் தேடினேன்னு சொல்லுங்க. முதல்ல வாயைத் திறந்தது உங்கப்பன்தான், தோத்துட்டான், வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடான்னு சொல்லுங்க. ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாப் போதும். நான் கண்ணை மூடுறப்ப அவன் இல்லாம போயிட்டா, அவங்கம்மாவுக்குப் பண்ணினதையே எனக்கும் பண்ணிட்டான்னு ஆயிடும். அதை வெச்சுக்கிட்டு அவன் காலம் பூரா எப்படி இருப்பான்?"

"அப்பா," என்றான் சின்னவன்.

உடைந்த குரல், ஆனால் நன்றாகக் கேட்டது. பெரியவரின் தலை சட்டென்று இன்னும் வலப்பக்கமாக, சுவரை நோக்கித் திரும்பியது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாருங்க," என்றாள் நிதானத்திடம், கண்ணாலும் பாதி மூச்சாலும். "தினமும் இதேதான். இவன் இருமினாக்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கிறார். கையைத் தொட்டா, யாரு கை இது, வெளிய போடும்பார். இன்னும் மன்னிக்கலன்னுதான்..."

"இப்ப அப்பான்னு கூப்பிட்டது நீங்களா?" என்று சுவரைக் கேட்டார் பெரியவர். "அவன் குரல் மாதிரியே இருந்துது. அடிக்கடி இப்படிக் கேக்குது. திரும்பினா யாரும் இல்ல."

டாக்டரம்மாவின் இரண்டு வாசல்களும் சில்லறையின் நினைவுக்கு வந்தன. மகனின் சத்தம் கேட்ட ஒவ்வொரு முறையும் அப்பா தேடியிருக்கிறார், தவறான வாசலில். நேற்றுவரை அதைப் பார்த்து, அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று ஒருவன் அழுதபடி பஸ் ஏறிப் போயிருக்கிறான். இன்று கடைசித் தடவையாக இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருக்கிறான்.

நிதானம் சின்னவனுக்குக் கையால் சைகை காட்டினார். எழுந்து, கட்டிலைச் சுற்றி, இந்தப் பக்கம் வா.

அவன் வரவில்லை. பெரியவர் அழைக்காமல் முக்காலியை விட்டு எழுவது அவன் ரத்தத்தில் இல்லை. சில்லறைதான் போனார். அவன் காதருகே குனிந்து, "தம்பி, உங்கப்பாவுக்கு இந்தப் பக்கமே கிடையாது. தலைக்குள்ள ஒரு மடிப்பு போயிடுச்சு. அவர் பார்க்க மாட்டேன்னு சொல்லல, அவரால முடியல. நான் காலையில இதே இடத்துல உட்கார்ந்து தும்மினவன், என்னை நம்பு. இப்ப கூப்பிட்டாரே, கேட்டுதில்ல? எழுந்திரு," என்றார்.

சின்னவன் அப்பாவின் இடது கையை மெத்தைமேல் மெல்ல வைத்துவிட்டு எழுந்தான். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தான். ஊரெல்லாம் தேடி முடிந்தபின் பாக்கியிருந்த தூரம் அவ்வளவுதான்.

வலப்பக்கம் வந்து நின்றதும் பெரியவரின் முகம் மாறியது. மழித்த கன்னம் நடுங்கியது.

"டேய்."

"அப்பா."

"எப்படா வந்தே? இளைச்சுட்டே." வலது கை நீண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. "இத்தனை நாள் எங்கடா போயிருந்தே? ஒரு நாள் எட்டிப் பார்க்கணும்னு தோணலையா உனக்கு?"

"தினமும் வந்தேன்பா. இங்கதான் இருந்தேன். உங்க பக்கத்துலயே."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கண்ணில் இருந்த வெளிச்சம் ஒரு கணத்தில் கெட்டிப்பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் கண்ணைப் பார்த்துச் சொன்னே," என்றார் பெரியவர். "நான் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே படுத்திருக்கேன்? பக்கத்துல இருந்தா எனக்குத் தெரியாதா?"

மகள் முன்னால் வந்தாள். நிதானம் வாயைத் திறந்தார். சாட்சிக்கு ஆள் பஞ்சமில்லை. பட்டன் கடை, பஸ் நடத்துனர், பாட்டில், முக்காலி, எல்லாம் இருந்தன. ஆனால் சின்னவன் அவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தான். வேண்டாம். அவன் அப்பாவின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வியாபாரி மகன் தன்னிடமிருந்த ஒரே சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தான்.

"பொய்தான்பா," என்றான். "வரல. கிடங்குல சரக்கு வந்துடுச்சு. வர முடியல."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர் அவனையே பார்த்தார். நரம்பு மெதுவாக அடங்கியது. "வரலைன்னா வரலைன்னு சொல்லிட வேண்டியதுதானே," என்றார். "அதுக்கு எதுக்குடா பொய்? இப்ப வந்துட்டே இல்ல. விடு." வலப்பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் வா. உட்காரு."

சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் வலது கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்தக் கைக்கு அவனைத் தெரிந்திருந்தது. அவன் தலையைத் தடவியது. அவன் இத்தனை நாளும் நீவி நீவிச் சூடேற்றிய கை அந்தப் பக்கம், ஜன்னலோரம், யாருக்கும் வேண்டாத பொருள்போலக் கிடந்தது. விரலிடுக்கில் தைலம் இன்னும் காயவில்லை.

சில்லறை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, சின்னவன் விட்ட விரலிலிருந்து ஆரம்பித்தார்.

"எங்க பிடிச்சீங்க இவனை?" என்று நிதானத்தைக் கேட்டார் பெரியவர். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணியது.

"ரொம்பத் தூரம் போக வேண்டியிருந்ததுங்க."

"தனியாவே அலைஞ்சிருக்கீங்க. ஒரு உதவிக்கு ஆள் வெச்சுக்கக் கூடாதா?"

நிதானம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஏதாவது வரும் என்று காத்திருந்தார். தும்மலாவது.

சில்லறை தலையைக் குனிந்துகொண்டு சுண்டுவிரலை நீவிக்கொண்டிருந்தார்.